20 பேர்ச் காணிக்கு எத்தனை டிப்பர் கிறவல் வேண்டும்? (சாம்பல்தீவு, மாரியில் தண்ணீர் நிற்கும் வளவு)

#1 சாம்பல்தீவான்
எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலைக்குப் பக்கத்தில், சாம்பல்தீவில் 20 பேர்ச் காணி ஒன்று இருக்கிறது. ஒழுங்கைப் பக்கம் 55 அடி, உள்நோக்கி 99 அடி. கடற்கரைக்கு நடந்தே போகலாம், ஓர் அறுநூறு மீற்றர் இருக்கும். தரை முழுக்க வெள்ளை மணல். ஐப்பசி மழைக்கு முதல் அத்திவாரமாவது போட்டுவிட வேண்டும் என்று நிற்கிறேன்.

பிரச்சினை இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்ததுதான். கார்த்திகை, மார்கழியில் பின் மூலையில் முழங்கால் அளவு தண்ணீர். காணி ஒழுங்கையை விடத் தாழ்வு. சொந்தக்காரர் எல்லோரும் "இரண்டடி கிறவல் போட்டு உயர்த்து, கதை முடிந்தது" என்கிறார்கள். ஒப்பந்தக்காரரும் அதையே சொல்லி 45 டிப்பர் என்று எழுதித் தந்துவிட்டார். இந்தக் கணக்கு சரியா? அண்மையில் மண் போட்ட யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

#2 டிப்பர்ராசா
கிறவல், ஆற்று மணல், கருங்கல் எல்லாம் எடுத்துத் தரலாம். 45 லோட் என்றால் விலை பார்த்துச் செய்து தருவேன் அண்ணா. தனி மடலில் வாங்க.

#3 பனங்கொட்டை
இழை திறந்து பத்து நிமிடம் ஆகவில்லை, டிப்பர் வந்து வாசலில் நிற்கிறது.

#4 கிண்ணியா மேசன்
தம்பி, கணக்கில் பிழையில்லை. 55 × 99 என்றால் 5,445 சதுர அடி. இரண்டடி உயரத்துக்கு 10,890 கன அடி, அதாவது 109 கியூப் (கியூப் என்றால் 100 கன அடி). அது இறுகிய மண்ணின் அளவு. டிப்பரில் வருவது இளகிய மண். ரோலர் ஓடினால் ஐந்தில் ஒரு பங்கு இறங்கும். அப்போ 136 கியூப் வேண்டும். டிப்பருக்கு மூன்று கியூப் என்று பார்த்தால் 45 லோட். ஆள் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

ஆனால் ஏன் வளவு முழுக்க உயர்த்த வேண்டும்? நீங்கள் குடியிருக்கப் போவது வீட்டுக்குள். தென்னைக்கும் மாமரத்துக்கும் என்னத்துக்குக் கிறவல்? மாமரம் நிற்கிறதா? நின்றால் அடிமரத்தைச் சுற்றி இரண்டடி மண் ஏற்றிப் பாருங்கள், இரண்டு மூன்று வருடத்தில் பட்டுப்போகும். வேருக்கு மூச்சு வேண்டும்.

நாற்பது வருடமாக நாங்கள் செய்கிற முறை இதுதான். பழைய தரையில், உறுதியான மண் வரும் வரை கிடங்கு வெட்டி, கருங்கல் அத்திவாரம் எழுப்பி, டீபீசி (ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கிற படை) மட்டம் வரைக்கும் கட்டி, அதற்குப் பிறகு கட்டுக்குள்ளே மட்டும் மண் நிரப்புவது. முதலில் வளவு முழுக்க மண் கொட்டி, அந்தப் புது மண்ணுக்கு மேலே அத்திவாரம் வைத்தால் முதல் மாரியிலேயே சுவர் வெடிக்கும். எத்தனை வீட்டில் ஜன்னல் மூலையில் சாய்வாக வெடிப்பு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பழி சீமெந்துக்குப் போகும். குற்றம் மண்ணில்.

#5 சாம்பல்தீவான்
நன்றி நானா. மாமரம் ஒன்று நிற்கிறது, அப்பா வைத்தது. அதை விடமாட்டேன். ஆனால் வீட்டை மட்டும் உயர்த்தினால் மழைக்கு முற்றத்தில் இறங்க ஏலாதே? பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

#6 உப்புவெளி அக்கா
தம்பி, நான் மறுபக்கத்துக் கதையைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து வளவுக்காரர் மூன்று வருடத்துக்கு முதல் நீங்கள் கேட்பதைத்தான் செய்தார். எல்லை வரைக்கும் இரண்டரை அடி கிறவல், அதற்கு மேலே மதில். அதற்கு முதல் எங்கள் முற்றத்தில் மழை நின்றால் இரண்டு மணித்தியாலத்தில் மணலுக்குள் போய்விடும். இப்போது அவருடைய கிறவலில் விழுகிற மழை உள்ளே இறங்காது, முழுக்க எங்கள் பக்கம் வழிகிறது. மதிலுக்கு அடியில் ஓட்டை வேறு விட்டிருக்கிறார், "தண்ணி போகட்டும்" என்று. எங்கே போகட்டும்? என் குசினிக்குள்ளா?

போன மாரியில் கிணற்றுக்கட்டைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போனது. குளோரின் போட்டு இறைத்து, திரும்பக் குளோரின் போட்டு, மூன்று கிழமை குடிக்கத் தண்ணீர் வாங்கினோம். ஆள் நல்ல மனிசன், கோவில் திருவிழாவில் பக்கத்தில் நின்று கதைப்பார். ஆனால் மழை தொடங்கினால் முகம் பார்க்க எனக்கு மனம் வராது.

#7 பனங்கொட்டை
அக்கா சொன்னதில் ஒன்றைக் கவனியுங்கள். இது மணல் தரை. மணல் தண்ணீரைக் குடிக்கும். அதற்கு மேலே கிறவலை இறுக்கிப் போட்டால் குடிக்கிற வாயை மூடிவிட்டதாகத்தான் அர்த்தம். காசு கொடுத்து வெள்ளம் வாங்குகிற வேலை.

(நான் இருப்பது ரொறன்ரோவில். நிலாவெளியில் ஒரு துண்டு காணி இருக்கிறது. அதனால்தான் இந்த இழையில் தொங்கிக்கொண்டு நிற்கிறேன்.)

#8 மட்டக்கோல்
ஐந்தாவது பதிவில் தம்பி கேட்டது நல்ல கேள்வி. பதில் சொல்வதற்கு முன் இரண்டு விடயத்தைப் பிரிக்க வேண்டும். இந்தப் பகுதியில் முப்பது வருடம் மட்டக்கோலும் கையுமாகத் திரிந்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, சாதாரண மாரி மழை. உங்கள் காணி 506 சதுர மீற்றர். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால் உங்கள் வளவில் மட்டும் விழுவது 50,000 லீற்றருக்கு மேல். வாடைக் காலத்தில் இங்கே அப்படி ஒரு நாள் வருவது அதிசயம் இல்லை. இந்தத் தண்ணீர் மணலில் இறங்கும், மிச்சத்தைச் சரிவும் கானும் கொண்டுபோகும். இது வடிகால் வேலை.

இரண்டு, களப்பு நிரம்பி, நிலத்தடி நீர் மேலே வந்து, ஊரே நிற்கிற வெள்ளம். 2011 ஜனவரி, 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே கரை ஏறிய புரெவிப் புயல், 2025 நவம்பர் கடைசியில் டித்வாப் புயல். அந்த நேரம் எந்தக் கானும் வேலை செய்யாது. கான் போய்ச் சேருகிற இடத்திலும் அதே மட்டத்தில் தண்ணீர் நின்றால், தண்ணீர் எங்கே ஓடும்? அதற்கு ஒரே வழி வீட்டுத் தரையின் உயரம். இது உயர வேலை.

இரண்டையும் ஒரே 45 டிப்பரால் தீர்க்கப் பார்ப்பதுதான் பிழை.

கடல் அறுநூறு மீற்றர்தானே, தண்ணீர் அங்கே போகாதா என்று யாராவது கேட்பார்கள். போகாது. நம் கரையோரத்தில் பெரும்பாலும் அமைப்பு ஒன்றுதான். கடலோரம் அலையும் காற்றும் குவித்த மணல் மேடு, அதற்குப் பின்னே நீளமான பள்ளம், அதற்கும் பின்னே களப்பு. உங்கள் தண்ணீர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு களப்புப் பக்கம்தான் போகும். களப்பிலிருந்து கடலுக்குப் போக முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். மணல் மூடியிருந்தால் வெட்டி விடும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஆகவே மண்ணை மறந்துவிடுங்கள். தண்ணீர் எவ்வழியால் வெளியேறுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஒழுங்கையில் மதகு ஏதாவது இருக்கிறதா?

#9 மூதூர்க்காரன்
ஐயா சொன்ன இரண்டாவது வகைதான் எங்களுடையது. டித்வாவில் எங்கள் வீட்டில் மழையால் வந்த தண்ணீர் ஒன்றுமே இல்லை. மகாவலி பெருகி, மாவிலாற்று அணை உடைந்து வந்தது. மலைநாட்டில் பெய்ததற்கு இங்கே நாங்கள் நீந்தினோம். அந்தத் தண்ணீர் நிற்காது, இழுத்துக்கொண்டு ஓடும். அதற்கு மண் மேடு போட்டால் மேட்டையே அரித்துக்கொண்டு போகும். ஆற்றோரத்து ஆட்கள் தூண் மேலே வீடு கட்டலாமா என்று யோசிக்க வேண்டும். சாம்பல்தீவுத் தம்பிக்கு அது தேவையில்லை, அங்கே தேங்குகிற தண்ணீர். ஆனால் வாசிக்கிற மற்றவர்கள் குழம்பக் கூடாது என்று சொன்னேன்.

#10 சாம்பல்தீவான்
ஐயா, மதகு இருக்கிறது. காணியின் முன் மூலையிலிருந்து வடக்கே ஓர் 180 அடியில் ஒழுங்கைக்குக் குறுக்கே. மறுபக்கம் பள்ளக்காணி, அங்கே சம்பும் கோரையும் நிற்கிறது. அதற்கப்பால் களப்பு.

மட்டம் எடுக்கச் சர்வேயரைக் கூப்பிட வேண்டுமா?

#11 கிண்ணியா மேசன்
என்னத்துக்குச் சர்வேயர்? தெளிவான பிளாஸ்டிக் டியூப் ஐம்பது அடி வாங்குங்கள். தண்ணீர் நிரப்புங்கள், காற்றுக் குமிழி ஒன்றும் நிற்கக் கூடாது. ஒருவர் ஒரு முனையில், மற்றவர் மறு முனையில். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். தடி நட்டுக் குறித்துக் குறித்து ஐம்பது ஐம்பது அடியாகப் போகலாம். குமிழியைப் பாருங்கள் என்று திரும்பவும் சொல்கிறேன். ஒரு குமிழியால் முழுச் சுவரும் சரிந்த கதை என்னிடம் இருக்கிறது, வேறு நாள் சொல்கிறேன்.

அப்புறம், அக்கம்பக்கத்துச் சுவரில் வெள்ளக்கோடு பாருங்கள். பாசி பிடித்த கோடு பொய் சொல்லாது. மனிசர் "இடுப்பளவு" என்பார்கள். யாருடைய இடுப்பு?

#12 சாம்பல்தீவான்
ஞாயிறு முழுக்க மச்சானும் நானும் டியூபோடு நின்றோம். ஒழுங்கையில் போன எல்லோரும் நின்று ஆலோசனை சொன்னார்கள். மதகின் அடியைப் பூச்சியம் என்று வைத்து எழுதுகிறேன்:

ஒழுங்கையின் நடு மேடு 2 அடி 1 அங்குலம். காணியின் முன்பக்கம் 1 அடி 4 அங்குலம். நடுவில் 11 அங்குலம். பின் மூலை 5 அங்குலம். பக்கத்து வீட்டு மதிலில் இருக்கிற வெள்ளக்கோடு 2 அடி 9 அங்குலம். டித்வாவுக்கு வந்ததாம். வயதான ஆச்சி ஒருவர் அதுதான் தான் பார்த்ததிலேயே கூட என்றார்.

#13 மட்டக்கோல்
அருமை. இந்த ஐந்து எண்ணும் இல்லாமல்தான் இங்கே ஆட்கள் இலட்சக்கணக்கில் மண் கொட்டுகிறார்கள்.

உயரம் முதலில். வெள்ளக்கோடு 2 அடி 9 அங்குலம். அதற்கு மேலே ஓர் அடிக்குக் குறையாமல் விட வேண்டும். இனி வருவது அந்த ஆச்சி பார்த்ததை விடக் கூடவும் இருக்கலாம் அல்லவா. ஆக வீட்டுத் தரை 4 அடியில் இருக்கட்டும். வீடு நிற்கும் இடத்தில் தரை சராசரி ஓர் அடி. அப்போ பழைய தரையிலிருந்து மூன்றடி உயர அத்திவாரக் கட்டு. முகப்பில் ஐந்தாறு படி வரும். வயதானவர்கள் இருந்தால் சாய்தளம் ஒன்றுக்கு இப்போதே இடம் விடுங்கள்.

இனி வடிகால். பின் மூலை 5 அங்குலம், அங்கிருந்து மதகுக்கு 99 + 180 = 279 அடி. 279 அடிக்கு ஐந்து அங்குலச் சரிவு என்றால் ஏறத்தாழ 670க்கு ஒன்று. காகிதத்தில் ஓடும். உண்மையில் ஒரு தென்னோலை விழுந்தால் நிற்கும். கானுக்கு 300க்கு ஒன்றாவது வேண்டும்.

#14 பனங்கொட்டை
ஐயா, கானை அகலமாக வெட்டினால்? மூன்றடிக் கான்?

#15 மட்டக்கோல்
அகலம் இங்கே பிரச்சினையே இல்லை. மணிக்கு 100 மில்லிமீற்றர் வேகத்தில் கொட்டுகிற மழைக்கும், அதில் பத்தில் ஏழு பங்கு வழிகிறது என்று வைத்தாலும், இந்தக் காணியிலிருந்து வருவது நொடிக்குப் பத்து லீற்றர்தான். ஓரடி அகலம், ஓரடி ஆழம், பூசிய கான் 300க்கு ஒன்று சரிவில் நொடிக்கு எழுபது லீற்றருக்கு மேல் கொண்டுபோகும். சரிவும் போய்ச் சேருமிடமும் இல்லாவிட்டால் மூன்றடிக் கான் நுளம்பு வளர்க்க மட்டும்தான் உதவும்.

நாலு அங்குலக் குழாய் பதிக்கிறேன் என்று யாரும் வரவேண்டாம். இந்தச் சரிவுக்கு அது பத்து லீற்றரில் பாதியைக் கூடத் தாங்காது. மணல் அடைத்தால் எடுக்கவும் ஏலாது. திறந்த கான், மேலே கழற்றக்கூடிய மூடி. மண்வெட்டி உள்ளே போக வேண்டும், அதுதான் என் அளவுகோல்.

#16 உப்புவெளி அக்கா
தம்பி, ஒரு கேள்வி. நீங்கள் பூச்சியம் என்று வைத்தது மதகின் அடியையா, மதகுக்குள் கிடக்கிற மண்ணின் மேலையா? எங்கள் ஒழுங்கை மதகைப் பார்த்தால் அரையடிதான் வாய் தெரியும்.

#17 சாம்பல்தீவான்
அக்கா... தெரியவில்லை. மணலைத் தொட்டுத்தான் தடி வைத்தேன். நாளைக்குப் பார்க்கிறேன்.

#18 டிப்பர்ராசா
அண்ணா, மழைக்கு முதல் மண் போட்டால்தான் மாரியில் இறுகும். பிந்தினால் டிப்பர் கிடைக்காது. சொல்லிவிட்டேன்.

#19 கிண்ணியா மேசன்
ராசா, மண் மழைக்கு இறுகாது, குழையும். கிறவலை ஆறங்குலம் ஆறங்குலமாகப் பரப்பி, அளவான ஈரத்தில் ரோலர் ஓட்ட வேண்டும். ஈரம் பார்க்கிற வழி: ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்கினால் உருண்டை பிடிக்க வேண்டும். இடுப்பளவிலிருந்து விட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். தூளாய்ப் போனால் தண்ணீர் தெளி. அப்பம் போல் ஒட்டினால் காய விடு. மூன்றடியையும் ஒரே நாளில் கொட்டி மேலே ரோலர் விட்டால் மேல் ஆறங்குலம் மட்டும்தான் இறுகும், கீழே பஞ்சு. உங்கள் டிப்பர் கொட்டிவிட்டுப் போய்விடும், டைல்ஸ் வெடிக்கும்போது என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

கட்டுக்குள் நிரப்ப மணலும் நல்லது. தண்ணீர் விட்டு விட்டு இறுக்கலாம். ஆனால் கடற்கரை மணல் வேண்டாம். அள்ளுவது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். அதிலுள்ள உப்பு சுவரில் ஏறிப் பூச்சை உதிர்க்கும். கம்பி இருந்தால் துருப்பிடிக்கும்.

மண் போடுவதற்கு முதல் மேல் தட்டு ஆறங்குலத்தை, வேர், புல், இலைக் குப்பையோடு வழித்து எடுங்கள். எடுத்ததை எறிய வேண்டாம், மாமரத்தடிக்கு வெளியே தோட்டத்துக்கு ஆகும்.

#20 சாம்பல்தீவான்
இன்று காலை மண்வெட்டியோடு மதகுக்குள் இறங்கினேன். அக்காவுக்கு ஒரு கும்பிடு.

மேலே நான்கு அங்குலம் மணல். அதற்குக் கீழே பொலித்தீன், தேங்காய் மட்டை, ஒரு பிள்ளையின் செருப்பு, சீமெந்துப் பேப்பர். அதற்கும் கீழே கறுத்த சேறு. கொங்கிறீற்று அடி தட்டுப்பட்டது என் பூச்சியத்துக்குப் பத்து அங்குலம் கீழே.

#21 மட்டக்கோல்
அப்போ கதையே மாறிவிட்டது. பின் மூலையிலிருந்து மதகின் உண்மையான அடிக்கு 15 அங்குலம். 279 அடிக்கு 15 அங்குலம் என்றால் 223க்கு ஒன்று. தாராளமாக ஓடும்.

ஆனால் மதகை மட்டும் தோண்டினால் அது ஒரு கிடங்காக நிற்கும். மறுபக்கம் சம்பு நிற்கிற பள்ளத்திலிருந்து களப்பு வரை வாய்க்காலும் அதே மட்டத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். டியூபைத் தூக்கி வைக்காதீர்கள், அந்தப் பக்கமும் போங்கள். பிரதேச சபைக்கு எழுத்தில் கொடுங்கள், ஒழுங்கையில் இருக்கிற எல்லோரும் கையெழுத்து வைத்து. தனி ஆள் கடிதத்தை விட இருபது கையெழுத்துக்குக் கனம் கூட.

இன்னொன்று. கரையோரம் பேணல் சட்டத்தில், 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கம், கரையோர வலயம் கடலிலிருந்து 300 மீற்றர் என்று எல்லோருக்கும் தெரியும். கடலோடு தொடுத்த களப்பு, ஆறு என்றால் முகத்துவாரத்திலிருந்து உள்ளே இரண்டு கிலோமீற்றர் வரையும் அது வரும் என்பது பலருக்குத் தெரியாது. நீங்கள் கடலுக்கு அறுநூறு மீற்றரில் இருந்தாலும் களப்பு பக்கத்தில். அத்திவாரத்துக்கு முதல் கரையோரம் பேணல் திணைக்களத்தில் கேட்டுவிடுங்கள். நிலாவெளிக்காரருக்கும் இது பொருந்தும். வயல் காணி வாங்கியவர்களுக்கு வேறு சட்டம், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம். அனுமதி இல்லாமல் வயலை நிரப்பக் கூடாது. கிறவல் ஏற்றி வரும் வாகனத்துக்கும் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். (ராசா கோபிக்க வேண்டாம்.)

#22 டிப்பர்ராசா
என்னிடம் எல்லாம் இருக்கிறது ஐயா. காட்டுகிறேன்.

#23 உப்புவெளி அக்கா
மட்டக்கோல் ஐயா, என் பக்கத்து வளவுக்காரர் விடயத்தில் சட்டம் ஏதாவது சொல்கிறதா?

#24 மட்டக்கோல்
தங்கச்சி, நம் நாட்டுக் காணிச் சட்டத்தின் அடி உரோமன்-டச்சுச் சட்டம். மேல் காணியிலிருந்து இயற்கையாக வருகிற மழைநீரைக் கீழ்க்காணிக்காரர் ஏற்க வேண்டும். ஆனால் மேல் காணிக்காரர் தன் வேலையால் அந்த ஓட்டத்தைக் கூட்டவோ, ஓரிடத்தில் குவித்து விடவோ கூடாது. மண் போட்டு உயர்த்தி ஓட்டை வழியே விடுவது இரண்டாவது வகை என்று நான் நினைக்கிறேன். சட்டத்தரணி ஒருவரிடம் கேளுங்கள். ஆனால் முதலில் அவரிடம் போய், மதிலுக்கு உள்பக்கம், அவருடைய காணியில், ஓரடிக் கான் ஒன்று வெட்டி ஒழுங்கைப் பக்கம் திருப்பச் சொல்லிப் பாருங்கள். செலவு வழக்கை விடக் குறைவு. கோவிலில் கதைக்கிற மனிசன் என்றால் கேட்பார்.

#25 மூதூர்க்காரன்
மலக்குழியை யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், ஏனென்றால் பட்டவன். நிலத்தடி நீர் மேலே வந்தால் வெறும் தொட்டி கப்பல் மாதிரி மிதக்கும். எங்கள் ஊரில் புதிதாகக் கட்டிய தொட்டி ஒன்று மாரியில் ஒரு பக்கம் கிளம்பி, குழாய் முறிந்து கிடந்தது. கட்டி முடித்ததும் தண்ணீர் நிரப்பி விடுங்கள், ஒரு நாளும் வெறுமையாக விடாதீர்கள். கழிவறைக் கோப்பை வெள்ளக்கோட்டுக்கு மேலே இருக்கட்டும். ஊறுகுழியை ஆழமாக வெட்டுவதில் பயனில்லை, மாரியில் அது கிணறாகிவிடும். ஆழம் குறைத்து அகலமாக, மேட்டில் வையுங்கள். கிணற்றிலிருந்து ஐம்பது அடியாவது தள்ளி.

#26 சாம்பல்தீவான்
எல்லோருக்கும் நன்றி. இரண்டு கிழமையாகக் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். நடந்தது இதுதான்.

மதகின் மறுபக்கமும் மட்டம் எடுத்தோம். வாய்க்கால் இருக்கிறது, சம்பு மூடி ஆற்றுவாழை அடைத்துக் கிடந்தது. களப்போரம் வரைக்கும் சரிவு உண்டு. ஒழுங்கைக்காரர் பதினெட்டுப் பேர் கையெழுத்து வைத்துக் கொடுத்தோம். அதோடு நிற்காமல் ஒரு சனிக்கிழமை சிரமதானமும் வைத்தோம். மதகு இப்போது வாய் திறந்து நிற்கிறது. கடிதத்துக்குப் பதில் வந்தால் சொல்கிறேன்.

ஒப்பந்தக்காரர் முதலில் முறைத்தார். பிறகு மேசன் நானா சொன்ன மாதிரி திரும்பக் கணக்குப் போட்டோம். வீடு 30 × 40. கட்டுக்குள் நிரப்ப ஏறத்தாழ 30 கியூப். வீட்டைச் சுற்றி ஆறடி அகலத்துக்கு நாலு அங்குலச் சரிவோடு ஒரு மேடை, அதற்குப் பத்துக் கியூப். இளகிய மண்ணாக 50. பதினேழு டிப்பர்.

ஆறடிக்கு வெளியே மணல் தரையைத் தொடுவதில்லை. மாமரம் நிற்கும். பின் மூலையையும் நிரப்பவில்லை. ஓரடிக் கான் அங்கிருந்து தெற்கு எல்லையோடு, எல்லைக்கு உள்ளே என் பக்கத்தில், ஒழுங்கைக்கு வந்து மதகுக்குப் போகிறது. பீலித் தண்ணீரும் அதற்குள்தான். வாசலில் இருந்து ஒழுங்கை வரை மூன்றடி அகலத்தில் ஒரு நடைவழி மட்டும் உயர்த்துகிறோம், பிள்ளைகளின் சப்பாத்துக்காக. அதற்கு அடியில் இரண்டு இடத்தில் குழாய் விட்டால் தண்ணீர் இரண்டு பக்கமும் போகும் என்று நினைக்கிறேன், சரியா?

#27 மட்டக்கோல்
சரி. குழாய் ஒன்பது அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். மேடையின் ஓரத்தை 1க்கு 3 சரிவாக (ஓரடி இறங்க மூன்றடி அகலம்) விட்டுப் புல் பதியுங்கள், மழைக்கு முதல் வேர் பிடிக்க வேண்டும். வேலை நடக்கும்போது மண் குவியலைக் கானுக்குப் பக்கத்தில் வைக்க விடாதீர்கள். முதல் மழையிலேயே எல்லாம் நீங்கள் துப்புரவாக்கிய மதகுக்குள் போய் உட்காரும். மணல் மூட்டை நாலைந்து கான் வாயில் வையுங்கள்.

மார்கழியில் தண்ணீர் வந்தால், ஒவ்வொரு மூலையிலும் கட்டை அடித்து மட்டத்தைக் குறியுங்கள். மதில் கட்டும்போது அந்தக் குறி தேவைப்படும்.

#28 பனங்கொட்டை
45லிருந்து 17. ராசா, இருக்கிறீர்களா?

#29 டிப்பர்ராசா
இருக்கிறேன் அண்ணா. பதினேழும் தருவேன். ஆனால் ஒரு சந்தேகம். அந்த ஒழுங்கை எனக்குத் தெரியும். மண் ஏற்றிய டிப்பர் அந்த மதகுக்கு மேலால்தான் போக வேண்டும். சிலாப் நாலு அங்குலமோ ஐந்து அங்குலமோ. தாங்குமா?

#30 கிண்ணியா மேசன்
தாங்காது. ராசா இன்றைக்குத்தான் ஒரு நல்ல வார்த்தை சொன்னார். நிலாவெளி வீதியோரம் இடம் கேட்டு அங்கே கொட்டி, ட்ரக்டர் பெட்டியில் அரை லோட்டாக எடுங்கள். இரண்டு நாள் கூடப் போகும், போகட்டும்.

#31 சாம்பல்தீவான்
சரி நானா. வீதியோரத்தில் மாமாவின் கடைக்குப் பின்னால் இடம் இருக்கிறது, கேட்டுவிட்டேன். வியாழக்கிழமை முதல் லோட். ராசா அண்ணா, விடிய ஆறு மணிக்கு முதல் வாங்க, பள்ளிக்கூட வான் வரும் நேரம் வீதியில் நிற்க ஏலாது.